முதலில் உயர்ந்த கை

கோத்ரெனி, மால்தோவா
மார்ச் 11, 2001

கர்த்தருக்குள் பிரியமான தங்கை அக்ஸேனியாவுக்கு அக்கா டொம்னிக்கா எழுதுவது. சமாதானம் உன்னோடு இருப்பதாக. நானும் உன் அத்தான் சிமியோனும் சுகம். என் முழங்காலைத் தவிர வீட்டில் எல்லாம் சொன்னபடி கேட்கிறது.

நீ அனுப்பிய காப்பிப்பொடியும் ரத்த அழுத்த மாத்திரையும் கிரிஷாவின் வேனில் வந்து சேர்ந்தன. அந்த ஆள் இத்தாலியிலிருந்து இத்தனை நாடு தாண்டி வந்தும் வாசலில் நின்று, "அக்கா, சூடா ஏதாவது ஊத்துங்க. அங்க சூப்புன்னு சொல்லி சுடுதண்ணியைக் குடுக்குறானுங்க" என்கிறான். இரண்டு கிண்ணம் குடித்துவிட்டுத்தான் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தான்.

போன ஞாயிறு மாத முதல் ஞாயிறு, சபையில் திருவிருந்து. வழக்கம்போல முந்தின நாள் நான்தான் விருந்து ரொட்டிக்கு மாவு பிசைந்தேன். அம்மாவின் மரத்தொட்டி இன்னும் விரிசல் விடவில்லை. அவள் வைத்துவிட்டுப் போன ஒழுங்கையும் நான் மீறவில்லை: யார் மேலாவது மனத்தாங்கல் இருந்தால் அந்த மாதம் விருந்து மாவைத் தொடக் கூடாது, தொட்டியை அடுத்த சகோதரி வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். அம்மாவுக்குப் பிறகு அது என் வீட்டை விட்டு வெளியே போனதில்லை. பக்கத்து வீட்டு வேரா காத்துக்கொண்டேயிருக்கிறாள். "இந்த மாசமும் யார்கூடவும் சண்டை இல்லையா சகோதரி?" என்று மறக்காமல் விசாரிக்கிறாள்.

சபையில் உன் இடத்தில் என் கோட்டைக் கழற்றி வைக்கிறேன், வேறு யாரும் உட்கார்ந்துவிடாதபடி. பாதுவாவில் நம் மொழியில் ஒரு சபை கூடுகிறதாமே, போகிறாயா? இத்தாலிக்குப் போன பெண்கள் விசுவாசத்திலிருந்து எப்படிப் பின்வாங்கிப் போகிறார்கள் என்று மூப்பர் ஹரலாம்பியே ஞாயிறுதோறும் பேசுகிறார். பேசும்போது என்னைப் பார்க்கிறார். எனக்குக் காது சுடுகிறது.

உனக்காக முழங்காலில் நிற்கிற (வலித்தாலும்),
டொம்னிக்கா


பாதுவா, இத்தாலி
ஏப்ரல் 8, 2001

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கு அக்ஸேனியா எழுதுவது. சமாதானம். நான் சுகம். அத்தானைக் கேட்டதாகச் சொல். முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். குடித்துவிடாதே, தடவு.

நான் பார்த்துக்கொள்கிற ஓர்டென்சியா அம்மாவுக்கு இப்போது நடக்கவே முடியவில்லை. சக்கர நாற்காலிதான். கை நடுங்குகிறது. நல்லவள், ஆனால் பிடிவாதத்தில் உனக்கு அக்கா. சபையில் கட்டுகிறபடியே நான் தலைத்துணி கட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு முதல் நாளே, "வீட்டுக்குள்ள என்ன மழையா பெய்யுது?" என்று கேட்டாள். இப்போது பழகிவிட்டது. மாலையில் அவள் ஜெபமாலையை உருட்டுவாள், பக்கத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு என் ஜெபத்தைச் சொல்வேன். பிறகு இரண்டு பேரும் சூப்புக் குடிப்போம்.

சபைக்குப் போகிறேனா என்று கேட்டிருக்கிறாய். இங்கே குளிர் குறைந்துவிட்டது. ஆற்றங்கரை மரங்களெல்லாம் பூத்திருக்கின்றன. நம் வீட்டு செர்ரி பூத்ததா? வலேரியுவின் கல்லறையில் புல் பிடுங்கிவிடு. என்னைக் கட்டிய நாளிலிருந்து அவர் புல்லைச் சகித்ததில்லை.

உன் ஜெபத்தில் தங்கியிருக்கும் தங்கை,
அக்ஸேனியா


கோத்ரெனி
ஜூன் 24, 2001

பிரியமான அக்ஸேனியாவுக்கு, சமாதானம். நாங்கள் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். செர்ரி பூத்து, காய்த்து, பாதியைப் பறவைகள் தின்றும் முடித்தாயிற்று. வலேரியுவின் கல்லறை சுத்தமாக இருக்கிறது.

உன்னோடு பாதுவாவில் வேலை செய்யும் ஜினாயிதா அவள் அம்மாவிடம் ஃபோனில் ஏதோ சொன்னாளாம். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. ஊர் வாய்க்கு நான் விறகு போடுவதில்லை.

இரண்டு நாளாக அப்பா ஞாபகம். சுவரிலிருந்த புனிதர் படங்களை எல்லாம் கழற்றித் துணியில் சுற்றித் தன் அண்ணன் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தாரே, அந்த நாள். உனக்கு அப்போது நாலு வயது இருக்கும், என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். பெரியப்பாக்கள் அவரைச் சேற்றில் தள்ளி அடித்தார்கள். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜெபக் கூட்டத்துக்குப் போனார். அதன் பிறகு ஒரு மெழுகுவர்த்தியைக்கூட அவர் கையால் தொடவில்லை. கரண்டு போனால் இருட்டில் உட்கார்ந்திருப்பார், ஞாபகம் இருக்கிறதா?

உனக்கு என்னிடம் சொல்ல ஏதாவது இருந்தால் சொல், தங்கச்சி.

டொம்னிக்கா


பாதுவா
ஜூலை 15, 2001

பிரியமான அக்காவுக்கு, சமாதானம். சுகம். வெயில்தான் கொல்கிறது.

சொல்ல ஒன்றும் இல்லை. அப்பா கதை எனக்கு மனப்பாடம், அதை எதற்கு இப்போது எடுத்தாய் என்று புரியவில்லை. இங்கே என் பிழைப்பு இதுதான்: ஞாயிறு காலை எனக்கு ஓய்வு கிடையாது. நம் ஆட்கள் கூடுவது அந்த நேரத்தில்தான். வியாழன் பிற்பகல் மட்டும் எனக்கு. அதிலும் இப்போது எனக்கென்று வெளியே போவதில்லை. ஓர்டென்சியா அம்மா தன் கோயிலுக்குப் போக வேண்டும் என்று அழுகிறாள், கூட்டிப்போக மகனுக்கு நேரமில்லை. அதனால் நான்தான் தள்ளிக்கொண்டு போகிறேன். அங்கே அவள் முன்வரிசையில், நான் கடைசியில் என் தலைத்துணியோடு. சக்கரம் தள்ளுவது பாவம் என்று எங்கும் எழுதியிருக்கவில்லையே?

களைப்பாக இருக்கிறது அக்கா. மனதும் களைத்திருக்கிறது. நம் பாட்டைப் பக்கத்தில் யாராவது பாடிக் கேட்டு எத்தனையோ மாதமாகிவிட்டது. எனக்காக ஜெபம் பண்ணு. புத்தி சொல்லாதே, ஜெபம் மட்டும் பண்ணு.

அக்ஸேனியா


கோத்ரெனி
செப்டம்பர் 9, 2001

கர்த்தருக்குள் அக்ஸேனியாவுக்கு, சமாதானம்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் ஒரு வாரம் கடத்திவிட்டேன். ஜினாயிதா விடுமுறைக்கு வந்திருந்தாள். மே மாதக் கடைசியில் மாதா சிலையைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனபோது, சிலைக்குப் பின்னால் நீ எரிகிற மெழுகுவர்த்தியை ஏந்திக்கொண்டு நடந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சபையில் எழுந்து சொன்னாள். "வியாழக்கிழமை. அவளோட லீவு நாள். யாரும் கட்டாயப்படுத்தல, அவளாத்தான் போனா" என்றாள்.

போன ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு அங்கத்தினர்களை மட்டும் இருக்கச் சொன்னார்கள். நீ பின்வாங்கிப் போனதாகச் சபை தீர்மானித்து, உன் பெயரை நீக்கிவிட்டது. நீ வந்து முன்னால் நின்று மனந்திரும்பினதாகச் சொன்னால் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள் என்று மூப்பர் சொல்லச் சொன்னார். கதவு அடைபடவில்லை என்றும் சொல்லச் சொன்னார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

டொம்னிக்கா


பாதுவா
செப்டம்பர் 23, 2001

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். நம் சபையில் நீக்குவதென்றால் கை தூக்கச் சொல்வார்கள். யார் யார் தூக்கினார்கள்?

அக்ஸேனியா


கோத்ரெனி
அக்டோபர் 21, 2001

பிரியமான அக்ஸேனியாவுக்கு, சமாதானம். நாங்கள் சுகம்.

இந்த வருஷம் வால்நட் அப்படிக் காய்த்துக் கிடக்கிறது. பச்சைத் தோலை உரித்து உரித்து என் விரலெல்லாம் கறுப்பு. சாக்கு நிறையக் கட்டி கிரிஷாவிடம் கொடுத்திருக்கிறேன். ஓர்டென்சியா அம்மாவுக்கும் கொடு, பல் இருந்தால். அத்தான் நிலவறையைச் சுத்தம் பண்ணி ஊறுகாய்ப் பீப்பாயை இறக்கினார். இறக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "நானும் இத்தாலிக்குப் போறேன், அங்கயாவது என்னை யாராவது உக்கார வெச்சுத் தள்ளட்டும்" என்றார். வேரா வீட்டுப் பசு கன்று போட்டது. மழை இல்லை.

சபை விஷயம் சபை விஷயம். அதை நினைத்து மனதைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ வந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

டொம்னிக்கா


பாதுவா
நவம்பர் 11, 2001

அக்காவுக்கு,

வால்நட் வந்தது. நன்றாக இருந்தது.

வியாழக்கிழமை பூங்காவில் ஜினாயிதாவைப் பார்த்தேன். "என்மேல எதுக்குக் கோபப்படுற? உங்கக்காவே கை தூக்கிட்டாங்க. அதுவும் முத ஆளா. அதுக்கப்புறம்தானே மத்தவங்க தூக்கினாங்க" என்றாள்.

அது உண்மையா?

அக்ஸேனியா


கோத்ரெனி
டிசம்பர் 1, 2001

என் தங்கச்சி அக்ஸேனியாவுக்கு,

உண்மை.

மூப்பர் கேட்டார். எல்லாரும் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள். டொம்னிக்கா தன் ரத்தத்தைப் பார்ப்பாளா, கர்த்தரைப் பார்ப்பாளா என்று காத்திருந்த மாதிரி இருந்தது. யாரும் என்னைத் தள்ளவில்லை, மிரட்டவில்லை. ஒரு கை மேலே போயிருந்தது, அது என்னுடையது. அதைப் பார்த்துத்தான் மற்ற கைகள் உயர்ந்தன. நான் மடியிலேயே வைத்திருந்தால் எத்தனை பேர் வைத்திருப்பார்கள் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னும் கேள். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகிறேன் என்று நீ ஜூலையில் எழுதிய கடிதம் அன்றைக்கு என் கோட்டுப் பைக்குள் இருந்தது. எழுந்து படித்திருக்கலாம். "அவளை ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன், ஒரு மாசம் பொறுங்க" என்றாவது சொல்லியிருக்கலாம். ஜூனிலேயே அந்தப் பேச்சு என் காதுக்கு வந்துவிட்டதே, நான் உன்னைக் கேட்காமல் அப்பா கதையை எழுதினேன். நீ ஆமாம் என்று சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன். கேட்காமலிருந்தால் நீ நல்லவளாகவே இருப்பாய் என்று நினைத்தேன். அப்புறம் கேட்காமலே உன்னைக் கெட்டவளாக்கிவிட்டேன்.

இன்றைக்குச் சனிக்கிழமை. நாளை திருவிருந்து. தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வேராவிடம் கொடுத்துவிட்டேன். வருஷக்கணக்காக ஆசைப்பட்டவள், வாசலில் வாங்காமல் நின்றாள். "யார்கூட சகோதரி?" என்று கேட்டாள். "என் தங்கச்சிகூட" என்றேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டாள். செப்டம்பரிலிருந்து நான் பிசைந்த ரொட்டியை எல்லாம் நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அம்மா இருந்திருந்தால் அந்த முதல் சனிக்கிழமையே என் கையைத் தட்டிவிட்டிருப்பாள்.

கோபமாகவாவது எழுது.

டொம்னிக்கா


பாதுவா
மார்ச் 10, 2002

அக்காவுக்கு,

நான் சுகம். மாத்திரையை மட்டும் அனுப்பி, கடிதம் வைக்காமல் விட்டது மறதியால் அல்ல.

உன் கடிதத்தைப் படித்த அன்று உன்மேல் வந்த கோபத்தைவிடக் கேவலமான ஒன்று எனக்கு வந்தது. நிம்மதி. இனிமேல் யாருக்கும் நான் பதில் சொல்ல வேண்டாம் என்று ஒரு நிம்மதி. தலைத்துணியைக் கழற்றி அலமாரியில் போட்டேன். ஜெபத்தை நிறுத்தினேன். பின்வாங்கிப் போனவள் என்று பெயர் வைத்துவிட்டார்கள், பெயருக்கு ஏற்ற மாதிரி இருந்துவிட்டுப் போகிறேன் என்று இருந்தேன். நான் உண்மையாகவே பின்வாங்கியது அப்போதுதான் அக்கா, மே மாதத்தில் இல்லை. வேரா முதலில் தூக்கியிருந்தால் சிரித்திருப்பேன். நீ தூக்கினாய்.

என்னைத் திருப்பிக் கொண்டுவந்தது யார் தெரியுமா? ஓர்டென்சியா அம்மா. மாலையில் ஜெபமாலையை முடித்துவிட்டு என்னைப் பார்ப்பாள். நான் சூப்பை நீட்டுவேன். வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். "நீ உன்னோடதைச் சொல்லு. அப்புறம்தான் சூப்பு" என்றாள். "எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்லம்மா" என்றேன். "அப்போ எனக்குப் பசியும் இல்ல" என்றாள். அடுத்த நாளும் அதே கதை. மகன் வந்து சத்தம் போட்டான், நான் பட்டினி போடுகிறேனாம். வேறு வழியில்லாமல் கண்ணை மூடினேன். சூப்புக்காக ஆரம்பித்த ஜெபம் அது. நாலு வார்த்தை சொல்லி ஏமாற்றிவிடலாம் என்று பார்த்தேன். கொஞ்ச நாளில் நாலு வார்த்தை போதாமல் போயிற்று. ஒரு மாலை அழுதேன். அவள் சூப்பை ஆறவிட்டுக் காத்திருந்தாள்.

மெழுகுவர்த்தியைப் பற்றி நீ இன்றுவரை கேட்கவில்லை. நானே சொல்கிறேன். அவள்தான் பிடித்திருந்தாள். கை நடுங்கி, மெழுகு போர்வையில் சொட்டியது, சுடர் அவள் முக்காட்டுப் பக்கம் சாய்ந்தது. பிடுங்கி என் கையில் வைத்துக்கொண்டேன். அணைத்திருக்கலாம்தான். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், அணைக்க மனம் வரவில்லை. ஒரு கையில் நாற்காலி, ஒரு கையில் அது. அவ்வளவுதான் என் விக்கிரக ஆராதனை. அப்பாவாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். திட்டிக்கொண்டே பிடித்திருப்பார் என்றுதான் தோன்றுகிறது.

மகனிடம் சண்டை போட்டு ஞாயிறு காலையை வாங்கிவிட்டேன். நம் மொழிச் சபைக்குப் போகிறேன். தலைத்துணியையும் எடுத்துக் கட்டிக்கொண்டேன். அங்குள்ள போதகர் நம் ஊருக்கு ஃபோன் போட்டு விசாரித்தார். மூப்பர் ஹரலாம்பியே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். அதனால் எனக்குத் திருவிருந்து கிடையாது. வரலாம், பாடலாம், கடைசி பெஞ்சில் உட்காரலாம். ரொட்டித் தட்டு வரும்போது வாங்கி, எடுக்காமல், பக்கத்திலிருப்பவருக்குக் கொடுக்கிறேன். ஆனாலும் போவேன். ரொட்டி தரவில்லை என்பதற்காக மேஜையை விட்டு ஓடிப்போகிற பிள்ளையாக இருக்க எனக்கு விருப்பமில்லை.

ஊருக்கு ஒருநாள் வருவேன். ஆனால் மெழுகுவர்த்திக்காக மன்னிப்புக் கேட்க மாட்டேன். அதை மட்டும் என்னிடம் எதிர்பார்க்காதே.

அக்ஸேனியா


கோத்ரெனி
மே 12, 2002

என் அக்ஸேனியாவுக்கு, சமாதானம். இந்த வார்த்தையை உனக்கு எழுத எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

போன ஞாயிறு ஈஸ்டர். மாதத்தின் முதல் ஞாயிறும் அதுவே. ஆராதனை முடிவதற்குள் எழுந்து, நீக்கப்பட்டவர்களை நிற்க வைப்பார்களே, பிரசங்க மேடைக்குப் பக்கத்தில், அந்த இடத்தில் போய் நின்றேன். மூப்பர், "சகோதரி, பண்டிகை நாள்" என்றார். "அதனாலதான்" என்றேன். உன் ஜூலைக் கடிதத்தைப் படித்தேன். மார்ச் கடிதத்திலிருந்து மெழுகுவர்த்தியையும் சூப்பையும் படித்தேன். பிறகு சொன்னேன்: "அவளைக் கேக்காம கை தூக்கினேன். முதல் கை என்னோடது. இப்ப இறக்குறேன்."

மூப்பர் கெட்டவர் இல்லை அக்ஸேனியா. மேடையிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். "ஒரு கை இறங்கினா தீர்மானம் இறங்காது, சகோதரி. அவ இதே இடத்துல வந்து நின்னு மன்னிப்புக் கேக்கட்டும்" என்றார். "எதுக்கு? கிழவி முக்காட்டுல தீப்பிடிக்காம பாத்துக்கிட்டதுக்கா?" என்று கேட்டேன். பின்னால் யாரோ சிரித்தார்கள், உடனே அடங்கிப் போனார்கள். வேரா அழுதாள். வேறு யாரும் எழுந்திருக்கவில்லை. இதை எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது. தூக்குவதற்கு நான் ஒருத்தி போதுமாக இருந்தேன், இறக்குவதற்கு நான் ஒருத்தி போதவில்லை.

கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தேன். தட்டு வந்தது. வேராவின் ரொட்டி ஓரம் கருகியிருந்தது. எடுக்காமல் பக்கத்துக்குக் கொடுத்துவிட்டேன். உனக்குக் கிடைக்காதது எனக்கும் வேண்டாம்.

இத்துடன் கிரிஷாவிடம் ஒரு ரொட்டி கொடுத்திருக்கிறேன். இது விருந்து ரொட்டி இல்லை, வீட்டு ரொட்டி. தொட்டி வேராவிடம் இருப்பதால் அலுமினிய வட்டிலில் பிசைந்தேன். உன் கைக்கு வருவதற்குள் காய்ந்துபோகும். அனுப்ப வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

உன் அக்கா,
டொம்னிக்கா


பாதுவா
மே 26, 2002

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கு அக்ஸேனியா எழுதுவது. சமாதானம் உன்னோடு இருப்பதாக. நான் சுகம். முழங்கால் எப்படி இருக்கிறது? அவ்வளவு நேரம் மேடைக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறாயே.

ஒன்று சொல்கிறேன், கேள். அடுத்த முதல் ஞாயிறு தட்டு வரும்போது அதை அனுப்பிவிடாதே. எடுத்துச் சாப்பிடு. கிடைக்காமல் உட்கார்ந்திருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். இரண்டு பேர் அப்படி உட்கார்ந்திருப்பதால் யாருக்கும் லாபமில்லை. நான் விடாமல் அங்கே போய் உட்காருவதே, என்றைக்காவது ஒருநாள் எடுப்பேன் என்பதற்காகத்தான். நீ விட்டுவிட்டால் எனக்கும் கை தளர்ந்துபோகும்.

உன் மேல் எனக்கு ஒன்றும் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது முழு உண்மையாக இருக்காது. கொஞ்சம் இருக்கிறது. மாலையில் என்னோடதைச் சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்கிறேன். குறைந்துகொண்டு வருகிறது. ஓர்டென்சியா அம்மா இப்போது உன் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொண்டு தன் ஜெபமாலையில் சேர்த்துக்கொண்டாள். மூப்பரிடம் இதைச் சொல்லிவிடாதே.

ரொட்டி வந்தது. கல்லாக இருந்தது. கத்தியால் முடியாமல் மேஜை விளிம்பில் தட்டி உடைத்தேன். பாதியைச் சூப்பில் நனைத்து, அவளும் நானும் சாப்பிட்டோம். மறுபாதியை என் தலைத்துணியில் முடிந்து கிரிஷாவிடம் கொடுத்திருக்கிறேன். "கொண்டு வந்த ரொட்டியையே திருப்பிக் கொண்டு போகச் சொல்றீங்களே, நான் டிரைவரா, பைத்தியமா?" என்றான். இரண்டில் எது என்று உனக்குத் தெரியும். இது விருந்து இல்லை, வெறும் வீட்டு ரொட்டி, இதற்கு யாரும் கை தூக்க வேண்டியதில்லை.

அது உன் பாதி, அக்கா. நனைத்துச் சாப்பிடு.

அக்ஸேனியா